மயங்கி விழுந்த புதுக் கணினி

நம் பள்ளியின் பழைய மாணவன் ஒருவன், தந்தையார் செம்பனைக் குலை வெட்டிச் சேர்த்த பணத்தோடு தன் சம்பளத்தையும் சேர்த்து, 4,500 வெள்ளிக்கு விளையாட்டுக் கணினி ஒன்று வாங்கினான். விளையாட மட்டுமன்று, அசைபடம் வரையப் பயில்வதும் அதில்தான். வாங்கிய வாரமே திரை நீலமாகி நின்றுவிட்டது. பின்னர் நாளுக்கு நான்கைந்து முறை! கடைக்காரரோ தோட்டத்து மின்சாரத்தைக் குறை கூறினார். எப்பழியையும் தாங்கும் மின்சாரமன்றோ அது!

என்னிடம் கொண்டுவந்தான். ஒரு வேளைக்கு ஒன்றையே மாற்றிப் பார்ப்பது என்று தொடங்கினோம். பட்டணத்தில் அவன் அக்காள் வீட்டில் இயக்கினோம், அங்கும் நின்றது. மின்சாரம் தப்பித்தது. வெப்பம் அளந்தோம், மிகையில்லை. பிறகு ‘மெம்டெஸ்ட்86’ என்னும் சோதனை நிரலை இரவு முழுதும் ஓடவிட்டோம். விடியலில் திரையெங்கும் பிழைகள்!

உள்ளே ரேம் எனப்படும் நினைவகத் தகடுகள் இரண்டு. டிடிஆர்5 வகையின் அடிப்படை வேகம் 4800. கடையிலோ 6000-க்கு முடுக்கியிருந்தனர். 4800-க்கு இறக்கினோம்; பிழை குறைந்ததேயன்றி ஒழியவில்லை. அடுத்து, தகடுகளை ஒரே செருகிடத்தில் தனித்தனியே சோதித்தோம். ஒன்று பழுதின்றித் தேறியது. மற்றது சில நிமிடங்களிலேயே தோற்றது.

பிழைத்திரையின் படத்தைக் காட்டியதும் கடைக்காரர் மறுபேச்சின்றி மாற்றித் தந்தார். இப்போது அதில் அவன், தன் பாட்டி விடியலில் பால்மரம் சீவும் காட்சியை வரைந்துகொண்டிருக்கிறான்.