மாமனாருக்கு ஒரு வலை ஊசி

சாயல்குடியில் பஸ் மாறி மாரியூரில் இறங்கியபோது என் சட்டைப் பையில் ஒரு பிளாஸ்டிக் ஊசி இருந்தது. ஊசி என்றதும் பட்டன் தைக்கிற சமாசாரத்தை நினைத்துவிடாதீர்கள். ஒரு சாண் நீளம், ஒரு விரல் அகலம். வலை பின்னுகிற ஊசி. ஒரு முனை கூர், மறுமுனை கவட்டை, நடுவில் ஒரு நாக்கு. நாக்கில் நூலைச் சுற்றிக்கொண்டு முடிச்சு முடிச்சாகப் போட்டுக்கொண்டே போகவேண்டியதுதான்.

மாரியூர் எனக்கு மாமனார் ஊர். கடற்கரையிலேயே பூவேந்தியநாதர் கோயில். சித்ரா பௌர்ணமித் திருவிழாவில் சிவபெருமான் மீனவராக வந்து வலை வீசி, சுறாவைப் பிடிக்கிற படலத்தை நடத்திக் காட்டுவார்கள். வேதப் பாடத்தைக் கவனிக்காததால் பார்வதி மீனவப் பெண்ணாகப் பிறந்த கதை. (காஸ்ட் அக்கவுன்ட்ஸ் வகுப்பில் நான் தூங்கிய தூக்கத்துக்கு என்ன பிறவி காத்திருக்கிறதோ!)

மாமனார் கடலுக்குப் போவதை நிறுத்தி நாளாயிற்று. கரையில் உட்கார்ந்து கிழிந்த வலைகளைச் சரிபண்ணுவார். வருகிற காசு கொஞ்சம்தான். ஆனால் மகன் அனுப்பும் பணத்தில் வெற்றிலைகூட வாங்கமாட்டார். அப்படிப்பட்டவருக்குப் போன வருஷம் வலதுகை விரல்கள் மடங்க மறுத்துவிட்டன. கடை ஊசி மெல்லிசு, பிடியிலிருந்து நழுவியது. துணி சுற்றிப் பார்த்தார், கண்ணியில் மாட்டியது. பிடிக்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் தடித்த, ஆனால் கண்ணிக்குள் நுழைகிற ஊசி வேண்டும்.

யார் செய்வார்கள்? வாங்குவதற்கு உலகத்திலேயே ஒரே ஆள்! பி.காம். படித்தவன் சொல்கிறேன், ஒரே ஒரு பீஸுக்காக அச்சு வெட்டினால் எந்தக் கம்பெனியும் தேறாது.

அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மச்சானிடம் போய் இரண்டு வாரம் தங்கினேன். ஞாயிற்றுக்கிழமை, “வாங்க அத்தான், லைப்ரரிக்குப் போலாம்” என்றான். சிங்கப்பூர் வரைக்கும் வந்து லைப்ரரியா என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

ஜூரோங் வட்டார நூலகம். தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. ஆனால் என்னை நிறுத்தியது ‘மேக்-இட்’ என்ற பட்டறை. முப்பரிமாண பிரின்டர், தையல் மெஷின் என்று சாமான்கள். ‘உஷ்’ என்று அதட்ட ஆளில்லை. ஒரு பாட்டி பாட்டுக்குப் பை தைத்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஃபேயட்வில் நூலகம் 2011 வாக்கில் இப்படி ஆரம்பித்தது. ஹெல்சின்கியில் 2018-ல் திறந்த ஊடி நூலகத்தில் ஒரு மாடியில் இதே ஜோலிதான்.

மச்சான் பெயரில் பதிவு செய்துகொண்டு, சொல்லிக்கொடுத்ததைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். பிரின்டர் என்பது வேறொன்றுமில்லை, இடியாப்ப உரல். சுமார் 200 டிகிரி சூட்டில் பிளாஸ்டிக் இழையை உருக்கி, அடுக்கடுக்காகப் பிழிகிறது. 18 சென்டிமீட்டர் ஊசிக்கு நான் 18 என்று அடித்தேன். மெஷினோ மில்லிமீட்டர் கணக்கு.

“பல்லு குத்த ஆகும் அத்தான்” என்றான் மச்சான்.

இரண்டாவது ஊசிதான் மாரியூர் வந்தது. மாமனார் வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஓரம் சொரசொரப்பு, நூலைப் பிடிக்கிறது என்றார். உப்புத்தாளால் கால்மணி நேரம் தேய்த்தார். பிறகு நாலு முடிச்சு. ஐந்தாவது முடிச்சில், “கையில நிக்குது மாப்ள” என்றார். அவ்வளவுதான். எனக்குத்தான் தொண்டையை என்னவோ செய்தது.

மூன்றாம் நாள் வினை. உச்சிவெயிலில் படகுப் பலகைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் ஊசி இறால் மாதிரி வளைந்து கிடக்கிறது. நான் பிழிந்தது பி.எல்.ஏ. பிளாஸ்டிக். 60 டிகிரியை நெருங்கினாலே இளகிவிடும். ஜூரோங்கில் ஏ.சி. அறையில் உட்கார்ந்தவனுக்கு மாரியூர் வெயில் ஞாபகம் வரவில்லை!

இன்னொன்று செய்யலாம். அதற்குப் பிளேன் டிக்கெட் எடுக்கவேண்டுமே. நாமும் 1948 சட்டப்படி சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறவர்கள்தான். 1931-லேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பிய ஊர்க்காரர்கள்தான். வண்டியில் ஒரு பிரின்டரும் ஒரு தையல் மெஷினும் ஏறினால் சாயல்குடி பக்கம் வராதா? கணக்குப் போட்டுக்கொண்டே திண்ணையில் படுத்திருந்தேன்.

அதற்குள் மாமனார் அடுப்படியில் ஒரு சட்டி வெந்நீரோடு உட்கார்ந்துவிட்டார். வெயிலில் வளைவது வெந்நீரில் நிமிராதா என்று அவர் கணக்கு. முக்கி எடுத்து, பலகையில் அழுத்தி நிமிர்த்தினார். சூடு ஆறுவதற்குள் தன் மடங்காத விரல்களால் பிடியை ஒரு அமுக்கு அமுக்கினார். விரல் தடம் அப்படியே பதிந்துவிட்டது. நான் அளந்த அளவைவிட அதுதான் கச்சிதம்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து ஊசியை வாங்கிப் பார்த்தார்.

“நமக்கு ஒண்ணு சொல்லிவிடுங்க தம்பி. நமக்கு இடதுகை.”