பன்னிரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடம்

வட்டவளைப் பகுதித் தோட்டமொன்றின் மேற்பிரிவிலே ஒரு சிறு பாடசாலை இருக்கிறது. அதை என்ன செய்வது என்பது பற்றி அங்குள்ள மக்களிடையே பிணக்கு மூண்டிருக்கிறது. தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. மலையகத்தில் இதையொத்த வழக்கை அறியாத தோட்டங்கள் சிலவே. ஐந்தாம் வகுப்பு வரையுள்ள அந்தப் பாடசாலையில் இன்று படிப்பவர் பன்னிரண்டு பிள்ளைகள்.

வழக்கிலே மூன்று கட்சிகள். இளைஞர்கள் அதைத் தொழிற்பயிற்சி நிலையமாக்க வேண்டும் என்கிறார்கள். தையலும் கணினியும் கற்க அட்டனுக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. படிப்பை நிறுத்தியவன் கொழும்புக் கடைகளில் பாத்திரம் கழுவுகிறான் என்பது அவர்கள் முறையீடு. கொழுந்தெடுக்கும் தாய்மாரோ, பிள்ளைக் காம்பராவின் கூரை ஒழுகுகிறது, கைக்குழந்தைகளை இங்கே மாற்றுங்கள் என்கிறார்கள். பாடசாலை பாடசாலையாகவே இருக்கட்டும் என்பவர்கள் மூன்றாம் கட்சி. தொகையில் இவர்களே குறைந்தவர்கள். கூட்டங்களில் பேசத் தயங்குகிறவர்களும் இவர்களே.

பன்னிரண்டு என்ற எண்ணைச் சொல்லியே வாதத்தை முடித்துவிடப் பலரும் விரும்புகிறார்கள். அந்தப் பன்னிரண்டு பேர் யார் என்று கேட்பவர் அரிது. வசதியுள்ள வீடுகள் பிள்ளைகளை ஓட்டோவில் ஏற்றிக் கீழேயுள்ள பெரிய பாடசாலைக்கு அனுப்பத் தொடங்கிச் சில ஆண்டுகளாகின்றன. அந்தக் கூலிக்கே மாதத்தில் நாலைந்து பேர் போய்விடும். பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாட்சம்பளம். அதைக் கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளைகளே இங்கே மிஞ்சியிருக்கிறார்கள். தாய் வெளிநாட்டில் வீட்டுவேலை செய்ய, பாட்டியிடம் வளரும் பிள்ளை. தகப்பன் படுக்கையில் கிடக்கும் வீட்டுப் பிள்ளை. பாடசாலையை மூடினால் மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை; இவர்களுக்கு மட்டும் மூன்று மைல் நடை. வட்டவளை இலங்கையிலே மிகுதியாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டரைத் தாண்டும். தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில், குளவிக் கூடுகள் தொங்கும் மரங்களின் கீழே, ஆறு வயதுப் பிள்ளை எத்தனை நாள் நடக்கும்? பத்து நாள் நடக்கும், பிறகு நின்றுவிடும்.

இந்தக் கட்டடம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் ஆறு முதல் பத்து வயதுவரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டங்கள்மேல் சுமத்தியது. நடைமுறையில் அது பெரும்பாலும் ஓர் அறை, ஒரு மாஸ்டர் என்ற அளவிலேயே நின்றது. 1945இல் நாடெங்கும் வந்த இலவசக் கல்வியின் பயன் தோட்டத்து லயங்களை எட்டவில்லை. 1948இல் குடியுரிமை பறிபோயிற்று. 1960, 61ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் ஒதுக்கி வைக்கப்பட்டன. 1977ஐ ஒட்டித்தான் அவை படிப்படியாகத் தேசியக் கல்வி அமைப்புக்குள் வந்தன. 1986 முதல் சுவீடன் நாட்டு உதவியால் பல இடங்களில் புதிய கட்டடங்கள் எழுந்தன. இத்தனை மாற்றங்களுக்கிடையே, கட்டடத்தை என்ன செய்யலாம் என்று லயத்து மனிதரை எவரேனும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. இப்போது அவர்களே தமக்குள் வாதிட்டுக்கொள்கிறார்கள். ஆகவே இந்தச் சச்சரவைக் கண்டு நான் வருந்தவில்லை.

கோயில் முன்றிலில் நடந்த கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். ஓய்வுபெற்ற ஒரு மூதாட்டி எழுந்து, இளைஞர்களின் சார்பில் பேசியவனைப் பார்த்து, "தம்பி, நீயும் இந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சவன்தானே?" என்றார். அவன் சிறிதும் தயங்கவில்லை. "அதனாலதான் சொல்றேன் பெரியம்மா. அஞ்சாம் வகுப்புக்கு மேல அது எனக்கு என்ன குடுத்துச்சு?" கூட்டம் அடங்கிப் போயிற்று. அந்தக் கேள்வியை அலட்சியம் செய்பவருக்குக் கல்வியைப் பற்றிப் பேச உரிமையில்லை என்றே கருதுகிறேன்.

ஆயினும் இளைஞர்கள் விடை கூறாத ஒன்று உண்டு. பாடசாலை என்ற பெயர் நீங்கிவிட்டால் அந்த நிலம் யாருக்கு? தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் தனியார் கம்பனிகளின் கைக்குப் போனது. தோட்டப் பாடசாலைக்கு இரண்டு ஏக்கர் நிலம் என்ற பேச்சு எத்தனையோ ஆட்சிகளைக் கண்டுவிட்டது. பேச்சு உறுதியாக மாறாத இடங்களில், பெயர்ப்பலகை ஒன்றே மக்களின் பத்திரம். பிள்ளைக் காம்பராவின் கதையும் இத்தகையதே. அதன் கூரையைச் செப்பனிடுவது தோட்ட நிர்வாகத்தின் கடன். குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினால் நிர்வாகத்துக்குச் செலவு மிச்சம். தாய்மாருக்கு மிச்சம் எதுவுமில்லை. கூரையைக் கேட்க வேண்டிய இடத்தில் நாம் பிள்ளைகளின் வகுப்பறையைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்!

தமிழ்நாட்டில் 2019இல், மாணவர் எவரும் இல்லாத 46 அரசுப் பள்ளிகளை நூலகங்களாக்குவதாக அறிவித்தார்கள். நூலகம் நல்லதுதானே என்றனர் சிலர்; பள்ளி வெறுமையாகும்வரை பார்த்திருந்தது யார் என்றனர் வேறு சிலர். அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 2013இல் ஏறத்தாழ ஐம்பது பள்ளிகள் ஒரே மூச்சில் மூடப்பட்டன. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளே பெரிதும் அடிபட்டன. கடல் கடந்தும் கணக்கு ஒன்றாகவே இருப்பது வியப்பன்று. நம்முடைய பள்ளியோ இன்னும் வெறுமையாகவில்லை. அங்கே பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பாடசாலை விடுகிறது. அதற்குப் பிறகும் வார இறுதியிலும் அந்த மண்டபம் பூட்டியே கிடக்கிறது. அந்நேரத்தில் தையலும் கணினியும் நடத்தத் தடை என்ன என்று நான் கேட்டேன். தடை பூட்டுத்தான் என்றார்கள். பாடசாலை அரசாங்கத்துடையது, சாவி வாங்கக் கடிதம் வேண்டும், கடிதத்துக்கு மாதங்கள் வேண்டும்.

இறுதியில் ஒரு மனு எழுதப்பட்டது. பாடசாலை நிலைக்க வேண்டும், நிலத்துக்கு உறுதி வேண்டும், பிற்பகலில் மண்டபத்தை இளைஞருக்குத் திறந்துவிட வேண்டும், பிள்ளைக் காம்பராவின் கூரையை நிர்வாகமே மாற்ற வேண்டும் என்று நான்கு கோரிக்கைகள். பெண்கள் முதலில் கையெழுத்திட்டார்கள். இளைஞர்களில் பாதிப்பேர் இன்னும் இடவில்லை. பிற்பகலில் சாவி யார் கையில் இருக்கும் என்பதை முதலில் எழுத்தில் தாருங்கள் என்கிறார்கள். நியாயமான கேள்வி. ஐந்தாவது கோரிக்கையாக அதையும் சேர்த்து, மனுவைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறோம்.