நியூட்ரினோவும் என் தமையனாரும்

பிள்ளைப்பாக்கத்து ஏரிக்கரையில் யான் இளமையிற் கண்ட விண்மீன்கள் பலவற்றைத் தொழிற்சாலை விளக்குகள் இன்று மறைத்துவிட்டன. ஆயினும் விண்மீன் விடுக்கும் செய்திகளுள் எவ்விளக்கும் மறைக்கவியலாதது ஒன்றுண்டு. அது நியூட்ரினோ என்னும் நுண்துகள். அதனைக் குறித்து எம் பௌதிக ஆசிரியர் கற்பித்த பாடம், என் தமையனாரைப் பற்றிய ஓரெண்ணத்தைத் திருத்திற்று.

பெரியதொரு விண்மீன் எரிபொருள் தீர்ந்து, உள்ளகம் இடிந்து வீழுங்கால், வெளிப்படும் ஆற்றலில் நூற்றுக்கு 99 பங்கை நியூட்ரினோக்களே சுமந்து செல்கின்றன. தென்வானத்துப் பெரிய மகெல்லன் மேகத்தில் அவ்வாறு பிறந்தவை, 1,60,000 ஆண்டுகட்கு மேற் பிரயாணஞ் செய்து, 1987-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள், நம் நாட்டில் பிற்பகல் ஒரு மணி கடந்தவுடன், பூமியை ஊடுருவின. ஜப்பான், அமெரிக்கா, ருஷியா ஆகிய நாடுகளின் கருவிகளிற் சிக்கியவை ஏறக்குறைய 25 மட்டுமே. வயலில் நின்ற எந்தையாரின் உடலையும் எண்ணிறந்தவை கடந்திருத்தல் வேண்டும், அவர் அறிந்திலர்.

நியூட்ரினோ எலக்ட்ரான், மியூவான், டௌ என மூவகைப்படும். இவ்வகையை அறிஞர் ‘சுவை’ என்பர். சுவை நிலையானதன்று. விண்மீனுக்குள் செறிந்துள்ள எலக்ட்ரான்கள் எலக்ட்ரான் நியூட்ரினோவின் போக்கை மட்டும் தனித்து வேறுபடுத்துகின்றன. வெளிநோக்கி வருந்தோறும் செறிவு குறையும். அக்குறைவு மெல்ல நிகழின், குறித்ததோர் செறிவில் ஒரு சுவை பெரும்பாலும் மற்றொன்றாய் மாறிவிடும். வெடிப்பின் அதிர்ச்சியலை குறுக்கிடின் மாற்றம் அரைகுறையாகும். மிக்க ஆழத்திலோ, நெருங்கிய நியூட்ரினோக்களே ஒன்றையொன்று மாற்றுகின்றன. அக்கணக்கு இன்னும் முற்றுப்பெறவில்லை. ஆதலின், பூமியில் அகப்பட்ட சுவையை மட்டும் கண்டு பிறந்த சுவையைத் துணிதல் தவறு. வந்த வழியையும் ஆராய்தல் வேண்டும்.

இதனைக் கேட்டபொழுது என் நெஞ்சம் சுட்டது. எங்கள் நிலம் விலையானபின் தமையனார் ஏரை விடுத்துத் தொழிற்சாலையில் இராவேலை ஏற்றார். பாடிக்கொண்டே நீர் பாய்ச்சியவர் பேச்சுக் குறைந்தவரானார். விடுமுறையிற் சென்ற யான், “அண்ணா, நீங்கள் மாறிவிட்டீர்கள்” என்று கடிந்தேன். அவர் மறுமொழி கூறிலர். என் கல்லூரிச் சம்பளத்தை எண்ணி வைத்துவிட்டு வேலைக்குப் புறப்பட்டார்.

வந்து நின்ற நிலையைக் கண்டேனேயன்றி, வந்த வழியை வினவினேனல்லேன். ஆண்டவர் அருளால், வருகின்ற விடுமுறையில் முதற்கண் அதனையே வினவுவேன்.