‘கட்’ சொல்ல ஆள் இல்லாத மலை

வத்திராயிருப்பில் பஸ்ஸை விட்டு இறங்கினால் மேற்கே எங்கு பார்த்தாலும் மலைதான். வயல், தென்னந்தோப்பு, அதற்குப் பின்னால் கரும்பச்சைப் படுதா கட்டியதுபோல மேற்குத் தொடர்ச்சி மலை. 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயமாகி, 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமான காடு. அதற்குள்தான் சதுரகிரி.

என்னோடு வந்த ஆபீஸ் நண்பரை ‘கிரில்ஸ்’ என்றே வைத்துக்கொள்வோம். டிஸ்கவரியில் பேர் கிரில்ஸ் புழுவைத் தின்பதைப் பார்த்துக்கொண்டே இட்லி சாப்பிடுகிற ஆசாமி. முதுகுப் பையில் காம்பஸ், தீமூட்டும் கல், நைலான் கயிறு. தண்ணீர் பாட்டில் மட்டும் இல்லை. கேட்டால், "ஓடையில பிடிச்சுக்கலாம் சார்" என்கிறார்!

தாணிப்பாறையில் ஏறத் தொடங்கினோம். வழுக்குப்பாறை வந்ததும் நண்பர் நாலு காலில் தவழ்ந்தார். பக்கத்தில் ஒரு பாட்டி, வெறுங்காலோடு, வெற்றிலையை மென்றுகொண்டே அவரைத் தாண்டிப் போனார். பின்னாலேயே ஒருவர் தலையில் அரிசி மூட்டையோடு. மலை மேல் உலை கொதிக்க வேண்டுமென்றால் அரிசி இப்படித்தான் போக வேண்டும்.

மூட்டைக்காரரைப் பார்த்ததும் எனக்கு டி.வி. கேமராமேன் ஞாபகம் வந்தது. ஹீரோ தன்னந்தனியாகப் பாறையில் தொற்றி ஏறுவதை உச்சியிலிருந்து படம் பிடிக்கிறார்களே, அந்த மனிதர் எப்போது ஏறினார்? கேமராவையும் தூக்கிக்கொண்டு அல்லவா ஏறியிருப்பார்! 2007-ல் பிரிட்டனில் குட்டு உடைந்தது. காட்டில் தங்குவதாகக் காட்டிய சில இரவுகளை கிரில்ஸ் ஓட்டலில் கழித்திருந்தார். 2020 ஜனவரியில் நம்ம ரஜினி பந்திப்பூர் காட்டில் அவரோடு நடித்தபோது லேசான சிராய்ப்பு. அதற்கே தமிழ்நாடு பதறியது. மூட்டைக்காரரின் முழங்காலில் நான் பார்த்த தழும்புகளுக்குக் கணக்கில்லை.

எல்லாமே பொய் என்று சொல்ல மாட்டேன். 2021-ல் அர்ஜுன் ஜீ தமிழில் நடத்திய ‘சர்வைவர்’ ஜான்சிபாரில் எடுக்கப்பட்டது. அவர்கள் இளைத்தது நிஜம். ஒரு கோடி ரூபாய்ப் பரிசும் நிஜம். தோற்றவர் வீட்டுக்குப் போகலாம் என்பதும் நிஜம்!

அமெரிக்காவில் 2002-ல் ‘ஃபிரான்டியர் ஹவுஸ்’ என்று ஒரு தொடர் வந்தது. மூன்று குடும்பங்களை மான்டானாவில் ஐந்து மாதம் 1883-ம் வருஷத்துக் குடியேறிகளாக வாழ வைத்தார்கள். ஒருவர் எடை குறைந்து, பட்டினியால் சாகப் போகிறோம் என்று பயந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, ஆரோக்கியமாகத்தான் இருக்கிறீர்கள் என்றுவிட்டார். கடைசியில் நிபுணர்கள் வந்து எண்ணிப் பார்த்தது விறகை. குளிர்காலத்துக்குப் போதாது என்றார்கள். ஆனால் குளிர் வருவதற்குள் படப்பிடிப்பு முடிந்து எல்லாரும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். பரீட்சை ஹாலுக்கே போகாமல் பாஸ் பண்ணின மாதிரி.

சதுரகிரியில் பரீட்சை நாங்கள் இறங்கும்போது வந்தது. மத்தியானம். தலைக்கு மேல் நல்ல வெயில். மாங்கனி ஓடைக்குப் பக்கத்தில் ஒரு பளியர் பெரியவர் கம்பை ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி செவக்குது. சருகு வருது. மேல மழை. உக்காருங்க."

"முழங்கால் அளவுதானே பெரியவரே? கயிறு இருக்கு, தாண்டிடலாம்" என்றார் நண்பர். பை ஜிப்பைத் திறந்தேவிட்டார்.

பெரியவர் குரலை உயர்த்தவில்லை. "பதினஞ்சாம் வருஷம் இப்படித்தான் தம்பி. கேக்கல."

2015 மே மாதம் அமாவாசையை ஒட்டி வந்த கூட்டம் இதே மலையில் திடீர் வெள்ளத்தில் சிக்கியது. பக்தர்கள் பலர் செத்துப்போனார்கள். நண்பர் ஜிப்பை மூடினார்.

உட்கார்ந்தோம். கால் மணிக்கெல்லாம் ஓடையின் சத்தம் மாறியது. நண்பர் கால் வைக்கப் பார்த்து வைத்திருந்த கல் முழுகியது. அதற்குப் பக்கத்துக் கல்லும் முழுகியது. ஒரு முழு மரக்கிளை எங்கள் கண் முன்னால் சுழன்று போனது. யாரும் பேசவில்லை. பாட்டி மட்டும் பொரிகடலைப் பொட்டலத்தைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்தார்.

இரண்டு மணி நேரம் இப்படி. இதை எந்த சேனல் காட்டும்? ஆறு பேர் கல்லில் உட்கார்ந்து கடலை தின்பதற்கு எந்த சோப்பு கம்பெனி விளம்பரம் தரும்? எடிட்டர் முதல் வேலையாக வெட்டி எறிவது இதைத்தான். அன்றைக்கு எங்களை வீடு சேர்த்ததும் இதேதான்.

தண்ணீர் வடிந்தது. பெரியவர் கம்பால் ஆழம் பார்த்து முதலில் இறங்கினார். அடுத்து பாட்டி. கரையேறியதும் பெரியவர் நண்பரைக் கூப்பிட்டார்.

"அந்தக் கயித்தக் குடுங்க தம்பி. வெறகு கட்டணும்."

நண்பர் உடனே எடுத்துக் கொடுத்தார். காம்பஸையும் நீட்டினார். அதைப் பெரியவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டைம் தப்பா ஓடுதே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.