எழும்பூரில் இறங்கி, எழும்பூரில் ஏறும்வரை

சென்னையில் சொந்தக்காரர் வீடு இல்லாதவர்களுக்கு ஓட்டல்தான் வீடு. அறை எடுத்துத் தங்குகிற ஓட்டலைச் சொல்லவில்லை. இட்லி, காபி ஓட்டலைச் சொல்கிறேன். எழுபதுகளில் சிதம்பரத்திலிருந்து ஒரு நாள் வேலையாக மெட்ராஸ் போய்வந்த பள்ளிக்கூட வாத்தியார்கள் எல்லோருக்கும் இது தெரியும். ராத்திரி ரயிலேறினால் விடிகாலையில் எழும்பூர். நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் டி.பி.ஐ. எனப்படும் கல்வி இயக்குநர் அலுவலகம் திறக்கப் பத்து மணி ஆகும். அன்றிரவே திரும்புகிற வண்டியைப் பிடிக்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் முகம் கழுவ, பையை வைக்க, காலை நீட்டாவிட்டாலும் முதுகையாவது சாய்க்க ஓர் இடம் வேண்டும். அறை எடுக்கக் காசில்லை. பசிக்கு மட்டுமே ஓட்டலைத் தேடியதாக எனக்கு நினைவில்லை.

அப்பா என்னைக் கூட்டிப்போன காலத்தில் எழும்பூர் முழுக்க மீட்டர் கேஜ். வண்டி நின்றதும் கரிப்புகை வாசனையும் ஈயம் பூசிய பாத்திரத்தில் கொதிக்கும் பாலின் வாசனையும் சேர்ந்து வரும். காந்தி இர்வின் சாலையைக் கடந்து கென்னத் சந்துப் பக்கம் நுழைந்தால், இருட்டு பிரியும் முன்பே ஓட்டல்களில் விளக்கு எரியும். அப்பாவுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் காபி. அதைக் குடித்த உரிமையில் பின்கட்டுக் குழாயடியில் முகம் கழுவி, வேட்டியைச் சரிசெய்துகொள்வார். அப்புறம் கல்லாவில் இருப்பவரிடம், “ஐயா, சாயந்திரம் வர்ற வரைக்கும் இந்தப் பை இங்கயே இருக்கட்டுமா?” என்பார். யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. பை கல்லாவுக்குப் பின்னால் சாமி படத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஓட்டலுக்கு வரும் ஒரே தினமணி நான்காகப் பிரிந்து நான்கு மேசைகளில் கிடக்கும். தலைப்புச் செய்தி ஒரு மேசையில் தொடங்கி இன்னொரு மேசையில் முடியும். இட்லி வந்து, சாம்பார் வந்து, மறுபடி சாம்பார் வந்து, அப்புறமும் யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள்.

வயிறு நிறைந்தும் பொழுது மிச்சமிருந்தால் பூந்தமல்லி நெடுஞ்சாலை வரை நடப்போம். அங்கே தாசப்பிரகாஷ் ஓட்டல் நின்றது. கே. சீதாராம ராவ் ஐம்பதுகளில் கட்டிய மாளிகை. வளைந்த முகப்பு, அகலமான படிகள். எங்கள் ஊர்ப்பக்கம் கல்யாணமாகி மெட்ராஸ் பார்க்கப் போனவர்கள் தாசப்பிரகாஷ் ஐஸ்கிரீம் சாப்பிட்டதை வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். எனக்கும் அது ஒரு முறை வாய்த்தது. கண்ணாடிக் கிண்ணத்தின் குளிர்ச்சி விரலில் ஏறியது நினைவிருக்கிறது, ருசி நினைவில்லை. அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். சென்னை தன் கோட்டையையும் நீதிமன்றத்தையும் காப்பாற்றிக்கொண்டதைப் போல, சாதாரண மக்கள் சந்தோஷமாக இருந்த கட்டடங்களைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. இதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

மதியச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அலுவலகத்தருகே ஏதாவது ஒரு மெஸ்ஸில் அளவுச் சாப்பாடு, ரசத்தோடு முடியும். “ஃபைல் மேசைக்கு வரலை, நாலு மணிக்கு மேல வாங்க சார்” என்று குமாஸ்தா சொல்லியிருப்பார். அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் ஒரு நாள் விருந்தாளிக்கு ஆகக் கொடுமையானது. வெயில் உச்சியில் இருக்கும். தெரிந்தவர் எவருமில்லை. அப்பா நுங்கம்பாக்கம் நெடுஞ்சாலை வழியாக ஜெமினி வரை நடப்பார். 1973இல் திறந்த மேம்பாலம் அப்போது புதுசு. அதைத் தாண்டிக் கதீட்ரல் சாலையில் திரும்பினால் டிரைவ்-இன் உட்லண்ட்ஸ்.

வெளியிலிருந்து பார்த்தால் தோப்பு. உள்ளே மரங்களுக்கு அடியில் அம்பாசிடர்களும் ஃபியட்டுகளும் நிற்கும். கார் சன்னலில் தட்டை மாட்டி, அதில் தோசையையும் காபியையும் வைத்துவிட்டுப் போவார்கள். காருக்குள்ளேயே குடும்பங்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்ப்பது எனக்கு சினிமா. கார் இல்லாதவர்களுக்கு உள்ளே கூடம் இருந்தது. அங்கே மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் கைப்பெட்டியைத் திறந்து கணக்கு எழுதுவார்கள். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகள், கதை சொல்ல வந்த சினிமாக்காரர்கள், கல்லூரிப் பையன்கள் என்று கலந்து உட்கார்ந்திருப்பார்கள். அப்பா இரண்டு காபியும் ஒரு தட்டு போண்டாவும் சொல்லிவிட்டு, இயக்குநருக்கு மனு எழுத ஆரம்பிப்பார். மேசையைத் துடைக்க வரும் பையன் தாளைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போவான். போண்டா எப்போதோ தீர்ந்திருக்கும். வெயில் தணியும்வரை அங்கேதான்.

மெட்ராஸில் உடுப்பி ஓட்டல் என்ற ஏற்பாட்டை நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் கே. கிருஷ்ண ராவ். தென்கன்னடத்துக் கடந்தலே கிராமத்திலிருந்து வந்து, ஓட்டல் சமையலறையில் எடுபிடியாகத் தொடங்கியவர். 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ், பிறகு எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் நியூ உட்லண்ட்ஸ், 1962இல் இந்த டிரைவ்-இன். வேலைக்கு வந்து பசித்து நின்ற ஒருவர் நடத்தியதால்தான் அங்கே ஒரு காபிக்கு அவ்வளவு நேரம் உட்கார முடிந்தது என்று நான் நம்புகிறேன். இடம் தோட்டக்கலைச் சங்கத்தின் வசம் இருந்த அரசு நிலம். நிலத்தை அரசு மீட்டுக்கொண்டதும் 2008 ஏப்ரலில் ஓட்டல் மூடப்பட்டது. 2010 நவம்பரில் அங்கே செம்மொழிப் பூங்கா திறந்தார்கள். பூங்கா நன்றாகவே இருக்கிறது, பழைய மரங்கள் பல நிற்கின்றன. ஆனால் அங்கே மனு எழுத மேசை இல்லை.

கையெழுத்து கிடைத்த நாளில் அப்பாவின் நடையே மாறிவிடும். நேரே திருவல்லிக்கேணி. ரத்னா கஃபேயில் சாம்பார் இட்லி, அதாவது சாம்பாருக்குள் இட்லி. பரிமாறுகிறவர் பெரிய பாத்திரத்தைச் சாய்த்து ஊற்றிக்கொண்டே இருப்பார். நாம் கையைக் காட்டினால்தான் நிறுத்துவார். வடக்கேயிருந்து வந்த குப்தா குடும்பம் 1948இல் தொடங்கிய கடை அது. தமிழர்களுக்கே சாம்பார் பைத்தியம் பிடிக்க வைத்தது. அங்கிருந்து கடற்கரை, தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், கொஞ்சம் காற்று. பிறகு எழும்பூர். பையை வாங்கும்போது ராத்திரிக்கு இட்லியும் மிளகாய்ப் பொடியும் பொட்டலம் கட்டிக்கொள்வோம். வாழையிலைச் சூடு செங்கல்பட்டு வரை மடியில் இருக்கும்.

கையெழுத்து கிடைக்காத நாட்களில் ரத்னா கஃபே கிடையாது. அப்பா ஏதும் பேச மாட்டார். அப்போதும் பை காத்திருக்கும். கல்லாக்காரர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, “அடுத்த தடவை முடிஞ்சுடும் சார்” என்பார்.

பேருந்தில் வந்தவர்களுக்கும் இதே மாதிரி ஒரு வழித்தடம் இருந்தது. வெளியூர்ப் பேருந்துகள் பாரிமுனையில் வந்து நின்ற காலம். இறங்கினால் உயர் நீதிமன்றம், சுற்றிலும் லஞ்ச் ஹோம்கள்; கொஞ்சம் வடக்கே போனால் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் போட்ட, அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் வண்டிகள். 2002இல் பேருந்து நிலையம் கோயம்பேட்டுக்குப் போயிற்று. 2023 டிசம்பரில் தென்மாவட்டப் பேருந்துகளுக்கென்று வண்டலூருக்கு அப்பால் கிளாம்பாக்கத்தில் நிலையம் திறந்தார்கள். நெரிசலுக்கு வேறு வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முன்பு வெளியூர்க்காரன் நகரத்தின் நடுவயிற்றில் இறங்கினான். நடந்தே சாப்பிட்டான், நடந்தே வேலை முடித்தான். நடந்து வந்தவனை நம்பியிருந்த கடைகளின் பிழைப்பும் அவனோடு சேர்ந்துதான் போயிற்று.

என் தங்கை மகன் போன மாதம் ஒரு நேர்முகத் தேர்வுக்காகச் சென்னை வந்தான். “ஒரு நாள்தான் மாமா, எங்க சாப்பிடறது?” என்று போனில் கேட்டான். உற்சாகமாகச் சொன்னேன். காலையில் மயிலாப்பூர் போனால் அருண்டேல் தெருவில் ராயர் மெஸ். பொங்கலும் கெட்டிச் சட்னியும் தீரும் முன் போய்விடு. மாட வீதியில் காளத்தி கடை ரோஸ்மில்க், சின்னக் கடை, தாண்டிப் போய்விடாதே. சாயந்திரம் ரத்னா கஃபே இன்னும் இருக்கிறது. இருட்டிய பிறகு பசித்தால் கடற்கரை ஸ்டேஷன் எதிரே அத்தோ. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். அப்புறம், “இன்டர்வியூ முடிஞ்சு பஸ்ஸுக்கு மூணு மணி நேரம் இருக்கு மாமா. எங்க உட்காரலாம்?” என்றான்.

அவன் போகும் கடைகளில் வாசலிலேயே அடுத்தவர் நிற்பார்; சாப்பிட்ட கையோடு எழுந்தாக வேண்டும். காபிக்கு இருநூறு ரூபாய் கேட்கிற குளிர்பதனக் கடைகளில் உட்காரலாம், ஆனால் வேலை தேடி வந்த பிள்ளையிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழும்பூர் பாந்தியன் சாலையில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது, வாசிப்பறையில் போய் உட்கார், பேப்பரும் முழுசாகக் கிடைக்கும் என்றேன். போகும் வழியில் ஒரு காபி குடித்துவிட்டுப் போ என்றும் சொன்னேன்.