பிளாக்பள்ளி: கூரைக் கோயிலிலிருந்து பசிலிக்கா வரை

பெங்களூரு சிவாஜிநகரின் பழைய பெயர் பிளாக்பள்ளி. பேருந்து நிலையமும் ரஸ்ஸல் மார்க்கெட்டும் கமர்ஷியல் தெருவும் நெருக்கியடிக்கும் இந்த வட்டாரம், ஒரு காலத்தில் பெங்களூர்க் கோட்டைக்கும் பேட்டைக்கும் வடகிழக்கே வயலும் குடிசையுமாக இருந்த சிற்றூர். வெள்ளை அரிசி விளைந்த ஊர் என்ற பொருளில் 'பிளி அக்கிப் பள்ளி' எனக் கன்னடத்தில் வழங்கி, பின்பு பிளாக்பள்ளியாகத் திரிந்தது என்பது ஒரு விளக்கம். ஆங்கிலேயரின் படைமுகாமான தண்டுப் பகுதியை வடிவமைத்த பொறியாளர் ஜான் பிளாக்கிஸ்டனின் பெயரால் வந்தது என்பாரும் உண்டு.

ஊரின் கிறிஸ்தவ மரபு தமிழரிடமிருந்து தொடங்குகிறது. செஞ்சிப் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் இங்கே குடியேறி, மாதாவுக்கு ஓலை வேய்ந்த சிறு கோயில் ஒன்றை எழுப்பின. காணிக்கை மாதா கோயில் என்று அதற்குப் பெயர். நிலையான சாமியார் இல்லாத அக்காலத்தில் செபமும் திருநாளும் குடிமக்கள் கையிலேயே இருந்தன. ஊர் ஊராகச் சுற்றிவரும் குருவானவர் வந்தால்தான் பூசை, ஞானஸ்நானம், திருமணம் எல்லாம்.

அப்படிச் சுற்றிவந்தவர்களுள் பெயர் பெற்றவர் பிரெஞ்சுக் குரு ஆபே துபுவா. பாரிஸ் வெளிநாட்டு மறைப்பணிச் சபையைச் சேர்ந்த இவர் 1792இல் இந்தியாவுக்கு வந்து தமிழ்நாட்டில் பணியாற்றினார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த பின், சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களை ஒன்றுசேர்க்க மைசூர் நாட்டுக்கு அனுப்பப்பட்டார். புலால் நீக்கி, இந்நாட்டு உடை தரித்து, கிராமத்தாரோடு கிராமத்தாராக வாழ்ந்தார். 1803–04இல் மைசூர்ப் பகுதியில் அம்மை குத்தும் பணியையும் பரப்பினார். இந்துக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய கையெழுத்துப் படியைக் கிழக்கிந்தியக் கம்பெனி 2,000 வராகன் கொடுத்து வாங்கியது. அதன் பெரும்பகுதி கேர்து என்ற இயேசு சபைக் குரு முன்பே எழுதியதைத் தழுவியது என்பது பிற்கால ஆய்வாளர் கருத்து.

1803இல் துபுவா பிளாக்பள்ளிக் கூரைக் கோயிலில் வழிபாடு நடத்தினார். 1813இல் அதைச் சிற்றாலயமாக விரிவாக்கினார். இடைப்பட்ட ஆண்டுகளில் ஊரே மாறிவிட்டது. 1809 வாக்கில் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டு அல்சூருக்கு அருகே முகாமிட்டது. படையோடு சிப்பாய்களும் வணிகரும் சமையற்காரரும் கூலியாட்களும் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்து சேர, மக்கள் வாயில் 'தண்டு' என்று வழங்கிய புதிய நகரம் உருவானது. அதன் கடைத்தெருவாகப் பிளாக்பள்ளி வளர்ந்தது.

துபுவா 1823இல் நாடு திரும்பினார். இந்துக்களை மதம் மாற்றும் முயற்சி இனிப் பலிக்காது என்று அதே ஆண்டில் வெளியான கடிதத் தொகுப்பில் எழுதினார். பிளாக்பள்ளியிலோ அவர் விட்டுச்சென்ற சிற்றாலயம் நிலைத்தது. 1832இல் நகரில் மூண்ட கலவரத்தின்போது படைவீரர்கள் காவல் நின்று அதைக் காத்தனர். மக்கள்தொகை பெருகவே இடம் போதவில்லை. பங்குக்குருவாக இருந்து பின்னர் மைசூர் ஆயரான கிளைனர், 1875இல் பெரிய கோயிலுக்கான வேலையைத் தொடங்கினார். கூர்முனை வளைவுகளும் வானளாவும் கோபுரமும் கொண்ட கோதிக் பாணிக் கட்டடம் 1882 செப்டம்பர் 8 அன்று, மாதாவின் பிறந்த நாளில், அர்ச்சிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சேதமடைந்த வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் 1947இல் சீராக்கப்பட்டன. 1974 ஜனவரி 26 அன்று இக்கோயில் பசிலிக்காவாக அறிவிக்கப்பட்டது. கர்நாடகத்தில் அந்தத் தகுதியை முதலில் பெற்ற ஆலயம் இதுவே.

தண்டுப் பகுதி 1947இல் மைசூர் அரசிடம் திரும்பியது. 1949இல் பேட்டையும் தண்டும் ஒரே மாநகராட்சியாயின. பிளாக்பள்ளி சிவாஜிநகர் என்றானது. உருதும் தமிழும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் இந்தச் சந்தைப் பகுதியில் மசூதிகளும் தர்காவும் அம்மன் கோயில்களும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. பசிலிக்காவில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் திருப்பலி நடக்கிறது. எந்த மொழிக்கு எவ்வளவு இடம் என்ற பூசல் பெங்களூரு மறைமாவட்டத்தில் பல ஆண்டுகள் நீடித்ததும் உண்மை.

பசிலிக்காவின் மாதா திருவிழாவுக்கு ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29இல் கொடியேற்றம். நவநாள் முழுவதும் காவி உடுத்தி, புலால் தவிர்த்து, பலர் வெறுங்காலோடு நடந்து வருகிறார்கள். மாதா சுரூபத்துக்குச் சேலை சாத்துவதும், மெழுகுவர்த்தி ஏற்றுவதும், நேர்ச்சை செலுத்துவதும் வேளாங்கண்ணியை நினைவூட்டும். கிறிஸ்தவரல்லாதாரும் பெருமளவில் வருவார்கள். கட்டடத்தின் பாணி ஐரோப்பாவுடையது. வழிபாட்டின் முறை செஞ்சியிலிருந்து வந்தவர்களுடையது. செப்டம்பர் 8 மாலை மாதாவின் தேர்பவனி சிவாஜிநகர் வீதிகளைச் சுற்றி வருவதோடு திருவிழா முடிகிறது.