காபி இறங்கும் சாலை

பாச்சலூரில் காபி விளைகிறது. பாச்சலூர் டீக்கடையில் பாச்சலூர்க் காபி கிடைக்காது. ஏன் என்று தெரிய வேண்டுமானால், ஒட்டன்சத்திரத்தில் ஏறி வடகாடு, பாச்சலூர், கே.சி.பட்டி, தடியன்குடிசை, பெரும்பாறை என்று பழனிமலைத் தொடரின் கீழ்மலையைக் கடந்து, சித்தரேவு வழியாகப் பட்டிவீரன்பட்டிக்கு இறங்கும் சாலையை முழுவதும் பார்த்துவிட வேண்டும்.

டிசம்பரில், பழம் பறிக்கும் பருவத்தில், நண்பர்கள் சேர்ந்து கிளம்பினோம். எங்களில் ஒருவன் நாசிக் போய் வந்தவன். அங்கே, 2000இல் முதல் ஒயினை வெளியிட்ட சூலா நிறுவனம், 2005இல் திராட்சைத் தோட்டத்திலேயே சுவைக்கூடம் திறந்தது. போகிறவர்கள் கொடியைப் பார்க்கிறார்கள், ஆலையைப் பார்க்கிறார்கள், ஊற்றிக் கொடுப்பதை முகர்ந்து குடிக்கிறார்கள், இரண்டு பாட்டிலோடு ஊர் திரும்புகிறார்கள். "நம்ம பக்கம் இப்படி ஒண்ணு ஏன்டா இல்ல?" என்று நச்சரித்தான். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை உண்டு. 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஆனால் அது பெரும்பாலும் தின்பதற்குப் போகிற பழம். "திராட்சைய விடு, மாப்ள. காபி இருக்கு" என்றான் இன்னொருவன். அவனுடைய சித்தப்பாவுக்குப் பாச்சலூர்ப் பக்கம் தோட்டம். கூடாரம் அடிக்க இடமும் ஆயிற்று.

சாலை தொடங்கும் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் பேர்போன ஊர். மலைக்காயும் சமவெளிக்காயும் இங்கே வந்து சேர்ந்து, கேரளத்துக்கு லாரி லாரியாகப் போகின்றன. பழனி போகிற வழியில் பக்கத்திலேயே விருப்பாச்சி. வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்து, பின்னாளில் கம்பெனிப் படையை எதிர்த்து நின்று, 1801இல் தூக்கிலிடப்பட்ட கோபால் நாயக்கரின் ஊர். அந்த ஊரின் பெயரைத்தான் இந்த மலையில் விளையும் வாழையும் தாங்கியிருக்கிறது. விருப்பாச்சி மலைவாழைக்குப் புவிசார் குறியீடு உண்டு. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உகந்த பழம் இதுதான். அந்தப் பஞ்சாமிர்தமும் 2019இல் குறியீடு பெற்றது.

வடகாடு தாண்டியதும் வளைவுகள் நெருங்குகின்றன. ஒரு பக்கம் பரப்பலாறு அணை தெரிகிறது. இந்தத் தண்ணீர் நங்காஞ்சியாறாக வடக்கே ஓடி அமராவதியில் கலந்து, அங்கிருந்து காவிரிக்குப் போகிறது. யானை நடமாடும் தடம் இது. இருட்டியபின் இருசக்கர வண்டியில் வராதே என்று ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்வது நல்லது. காப்புக்காட்டுக்குள் கூடாரம் அடிக்கச் சட்டம் இடம் தராது. தோட்டக்காரர் சம்மதத்தோடு பட்டா நிலத்தில்தான் தங்கலாம்.

ஏற ஏறப் புளியும் முருங்கையும் பின்தங்கி, சில்வர் ஓக் மரங்கள் வருகின்றன. அவற்றில் மிளகுக்கொடி, அடியில் காபிச்செடி, இடையிடையே மலைவாழை, எலுமிச்சை, பலா, பட்டர் ஃப்ரூட், பந்தலில் சௌசௌ. தோட்டம் என்று சொன்னாலும் பார்ப்பதற்குக் காடுதான். பழனிமலைக் காபி பெரும்பாலும் அரபிகா வகை. நிழல் வேண்டும், குளிர்ச்சி வேண்டும், மார்ச் ஏப்ரலில் பூ மலர ஒரு மழை வேண்டும். அந்தப் பூமழை தவறினால் அந்த வருஷக் கணக்கே தப்பிவிடும். மழை வாய்த்தாலும் தண்டைக் குடையும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு இருக்கிறது. நன்றாக நிற்கும் செடியை உள்ளிருந்தே முடித்துவிடும்.

பாச்சலூரில் சித்தப்பா எங்களுக்கு முதலில் காட்டியது பழம். "கடிச்சுப் பாருங்க, கொட்டைய முழுங்கிராதீக" என்றார். சிவந்த பழத்தின் தோலுக்குள் மெல்லிய இனிப்புச் சாறு, வழுவழுப்பாக இரண்டு கொட்டைகள். அன்று பறித்த பழத்தை அன்றே அரைத்தாக வேண்டும். தொட்டித் தண்ணீரில் கொட்டினால் சொத்தைப் பழம் மிதக்கும். அள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பல்ப்பரில் விடுகிறார்கள். தோல் ஒரு பக்கம் போக, வழுவழுப்போடு கொட்டை தொட்டியில் விழுகிறது. அங்கே அது புளிக்க வேண்டும். சூட்டுக்கும் குளிருக்கும் தக்கபடி பன்னிரண்டு மணி நேரமும் ஆகும், ஒரு நாளைத் தாண்டியும் போகும். கையால் எடுத்துத் தேய்த்தால் கொட்டை சரசரவென்று கூழாங்கல்போல உரச வேண்டும், அதுதான் பதம். பிறகு கழுவிக் களத்தில் காயப்போட்டு, ஒரு வாரத்துக்கு மேல் கிளறிக் கிளறி விடுகிறார்கள். ஈரம் பத்துப் பதினோரு சதவீதத்துக்கு இறங்கினால் அது பார்ச்மென்ட். இந்தப் பாடெல்லாம் படாமல் பழத்தை அப்படியே தோலோடு காயவைத்தால் அது செர்ரி.

நாசிக் நண்பன் தொட்டியை விட்டு நகரவில்லை. அவன் அங்கே பார்த்த வேலையும் இதுவும் பாதிவரை ஒன்றுதான். இரண்டிலும் பழத்தின் சர்க்கரையை நுண்ணுயிர்கள் தின்கின்றன. நேரம் கூடினாலும் குறைந்தாலும் சுவை கெடுகிறது. ஒயின்காரர் சாற்றை வைத்துக்கொண்டு விதையைத் தள்ளுகிறார், காபிக்காரர் சாற்றைத் தள்ளிவிட்டு விதையை வைத்துக்கொள்கிறார். ஏறக்குறைய ஆறு கிலோ பழம் பறித்தால்தான் ஒரு கிலோ சுத்தமான கொட்டை தேறும். பழுத்ததை மட்டும் பார்த்துப் பறிக்க ஒரே செடிக்குப் பலமுறை வர வேண்டும். கூலிக்கு ஆள் கிடைக்காத வருஷத்தில் காயும் பழமுமாக உருவிவிடுகிறார்கள். குறை கோப்பையில் தெரியும்.

மறுநாள் கே.சி.பட்டி வரை இரண்டு தோட்டங்களில் இறங்கினோம். கிழக்குச் செட்டிபட்டி என்ற முழுப்பெயரைச் சாலையில் யாரும் சொல்வதில்லை. ஒருவர் பார்ச்மென்ட் மட்டும் போடுகிறார். இன்னொருவரிடம் பல்ப்பர் இல்லை, தண்ணீரும் குறைவு, எல்லாம் செர்ரி. இருவரிடமும் உமி நீக்கிய கொட்டை கொஞ்சம் வாங்கிக்கொண்டோம். சித்தப்பா தோட்டத்துக் கொட்டையோடு சேர்த்து, அன்று மாலை கூடாரத்துப் பக்கத்தில் விறகடுப்பு மூட்டி, மூன்றையும் தனித்தனியாக இரும்புச் சட்டியில் வறுத்தோம். முதல் வெடிப்புச் சத்தம் கேட்டுச் சற்றுப் பொறுத்து இறக்கி, உரலில் இடித்து, பாலும் சர்க்கரையும் இல்லாமல் வரக்காப்பியாக மூன்று டம்ளர்.

பாச்சலூர்ப் பார்ச்மென்டில் எலுமிச்சைப் புளிப்பு தூக்கலாக, முடிவு சுத்தமாக இருந்தது. கே.சி.பட்டி பார்ச்மென்ட் அதைவிட மென்மை. செர்ரி முற்றிலும் வேறு ஆள். உடம்பு கனம், பழுத்த பலாவின் வாசனை, அடியில் லேசான மண்வாடை. ஒரே மலை, ஒரே பருவம், சில மைல் தூரம், மூன்று ருசிகள். டம்ளரைச் சுழற்றி முகர்ந்த நண்பனைப் பார்த்துச் சித்தப்பா சிரித்தார். அப்புறம் அவரும் மூன்றையும் வரிசையாகக் குடித்துவிட்டு, "மத்த ரெண்டு தோட்டத்துக் காபிய இத்தன வருஷத்துல இன்னைக்குத்தான் குடிக்கிறேன்" என்றார்.

பிரச்சினை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. காலையில் நாங்கள் டீக்கடையில் குடித்தது கீழிருந்து பாக்கெட்டில் வந்த தூள். காபித்தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி கலக்கச் சட்டம் இடம் தருகிறது. கலந்ததைப் பாக்கெட்டில் அச்சிட்டால் போதும். நாட்டின் சிக்கரியில் பெரும்பங்கு குஜராத்தில் விளைகிறது. காபி மலையில் உட்கார்ந்துகொண்டு குஜராத் வேரைக் குடித்திருக்கிறோம்.

தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில். டி.கே.டி.1 என்ற பட்டர் ஃப்ரூட் ரகம் இந்த ஊரின் பெயரால் வந்தது. பக்கத்துத் தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் உண்டு. முடிக்கொத்து நோய் தாக்கி மலைவாழை அழிந்துகொண்டிருந்தபோது, நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொண்டு அதை மீட்க விஞ்ஞானிகள் பாடுபட்டார்கள். அந்த வாழைக்குக் கேட்க ஆள் இருந்தது. வேறு பழம் போட்டால் பஞ்சாமிர்தம் அந்தப் பக்குவத்துக்கு வராது என்று பழனி சொன்னது. மலைவாழைக்கு முருகன் இருக்கிறார். காபிக்கு யாரும் இல்லை.

பெரும்பாறையிலிருந்து சாலை கிடுகிடுவென்று இறங்குகிறது. புல்லாவெளி அருவியின் தண்ணீர் ஆத்தூர் காமராஜர் அணைக்குப் போவதுபோல, மலையின் காபியும் மூட்டை மூட்டையாக இந்த வளைவுகளில்தான் இறங்குகிறது. முடிவு பட்டிவீரன்பட்டி. சுயமரியாதை இயக்கத் தலைவர், 1929 செங்கற்பட்டு மாநாட்டுக்குத் தலைமை வகித்த ஊ.பு.அ. சௌந்திரபாண்டியனின் ஊர். சென்னைப் பாண்டி பஜாருக்குப் பெயர் தந்த அவரும் மலைத்தோட்டக்காரர்தான். இங்குள்ள காபி பதனிடும் ஆலைகளில் உமி நீக்கி, சலித்து, அளவுவாரியாகப் பிரிக்கிறார்கள். பெரிய கொட்டை ஏ, சிறியது பி, பழத்துக்குள் ஒற்றையாக உருண்டது பீபெர்ரி. அளவு பார்க்கும் சல்லடைக்குத் தோட்டம் தெரியாது. பாச்சலூரும் மற்ற மலையூர்களான பெரியூரும் ஆடலூரும் அங்கே ஒரே குவியல்.

இது பழைய பழக்கம். 1942ஆம் ஆண்டுக் காபிச் சட்டத்தின்படி விளைச்சலைக் காபி வாரியத்தின் பொதுக் கிட்டங்கியில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. விற்பதும் விலை வைப்பதும் வாரியத்தின் வேலை. விலை சரிந்த காலங்களில் அந்த ஏற்பாடு சிறு விவசாயியைக் காப்பாற்றியது உண்மை. கூடவே, தன் காபியைத் தானே வறுத்து விற்கலாம் என்ற எண்ணத்தை அவரிடமிருந்து எடுத்தும் விட்டது. 1996இல் கட்டுப்பாடு முழுவதும் நீங்கியது. எண்ணம் மட்டும் இன்னும் திரும்பவில்லை. மூட்டையைத் தூக்கிவிட்டால் கையில் காசு. வறுத்துப் பாக்கெட் போட்டுக் காத்திருக்கச் சிறு தோட்டக்காரருக்கு முதல் இல்லை. 2019இல் குடகு, சிக்மகளூர், பாபாபுதன்கிரி, வயநாடு, அரக்கு என ஐந்து காபிகள் புவிசார் குறியீடு பெற்றன. அந்த ஐந்தில் பழனிமலை இல்லை. அதே ஆண்டில் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குக் கிடைத்துவிட்டது.

நாசிக்கின் வளர்ச்சியில் மண்ணுக்கு இருந்த பங்கு தோட்டத்து வாசலில் போட்ட மேஜைக்கும் நாற்காலிக்கும் இருந்தது. கீழ்மலைக்கு அவ்வளவு செலவுகூட வேண்டாம். ஒரு வறுக்கும் பொறி, ஒரு அரவை, பாச்சலூர் டீக்கடை ஒன்றில் "எங்கள் தோட்டத்துக் காபி" என்று ஒரு பலகை. நாலு தோட்டக்காரர்கள் சேர்ந்தால் முடியும். வாரியமும் பல்கலைக்கழகமும் செடிக்குச் செய்ததில் பத்தில் ஒரு பங்கைக் கோப்பைக்குச் செய்தால் விரைவில் முடியும்.

அதுவரை போகிறவர்கள் ஒன்று செய்யலாம். டிசம்பர், ஜனவரியில் போங்கள். தோட்டத்தில் கேட்டு, சிக்கரி கலக்காத கொட்டையாக ஒரு கிலோ வாங்குங்கள். எந்த ஊர்த் தோட்டம் என்று பையில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்க வாடிக்கையாளர் வந்தால்தான், தோட்டக்காரர் அந்தப் பெயரில் விற்பார்.